வெறும் பாட்டில்

திருமங்கலம் பேருந்து நிலையத்தில் நின்றபோது கைபேசி அடித்தது. ஆய்வகத்திலிருந்து. "ஆரோக்கியம் போயிட்டான்ப்பா. காளவாசல்ல, லாரி மோதி." மதுரைக்குப் போகும் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன்.

அவனை அறிந்த உங்களுக்கு அவன் கேலிகள் நினைவிருக்கும். எனக்கு, அவன் கேலி பேசாத ஒரு மதியம்.

வைகையின் நீர்த்தெள்ளுகளை நாங்கள் இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். கடுகளவு உயிர். உடல் கண்ணாடிபோல, குடல் வெளியே தெரியும். அது பாசியைத் தின்னும், மீன்குஞ்சு அதைத் தின்னும். குடலில் பிளாஸ்டிக் அடைத்தால் பாசி இறங்காது. முட்டை குறையும். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இதுதான். பார்த்த குடல்களிலெல்லாம் நீல இழைகள். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது.

ஆரோக்கியம் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு மாடிக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த, நீர்த்தெள்ளு பிடிக்கும் எங்கள் வலையின் நைலான் கயிற்றில் ஒரு பிசிறைக் கிள்ளி வந்து பக்கத்தில் வைத்தான். அதே நீலம்.

"இதுக ஆத்துல தின்னதில்ல மாப்ள. நம்ம கயிறு உதிர்ந்தத நம்ம வாளியில தின்னது."

"யாருக்குடா தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இன்னும் எம்புட்டுப் பேரு வேணும்?"

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை என் அறை வாசலில் நின்றான். உடுத்தியிருந்தது அவன் அப்பாவின் பருத்தி வேட்டி. கையில் எவர்சில்வர் வாளி, சல்லடை, பருத்திக் கயிறு. பிளாஸ்டிக் எதுவும் இல்லை. ஆற்றுக்குப் போனோம். கரையில் ஆடு மேய்த்த ஒரு அம்மா கேட்டார்: "என்னய்யா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"ஆமாத்தா. பொண்ணு தண்ணிக்குள்ள இருக்கு. மாப்ள இவன்தான், மூஞ்சியப் பாருங்க."

அன்றுமுதல் ஒரு பாட்டில் கூடுதலாக வந்தது. வடிகட்டிய சுத்த நீர். நாங்கள் வேலை செய்யும் நேரமெல்லாம் கரையில் திறந்திருக்கும், பிறகு மூடுவோம். அதில் எது விழுந்திருந்தாலும் அது நாங்கள் கொண்டுவந்தது. பெயர்ச்சீட்டில் 'வெறும்' என்று எழுதுவான். அதில் கிடைக்கும் இழையைச் சூடான ஊசியால் தொடுவான். பிளாஸ்டிக் உருகிச் சுருளும். பருத்தி கருகும். சுருண்டால் அன்றைய மாதிரி முழுவதும் கழிவுத் தொட்டிக்கு.

நீலம் போயிற்று. சில குடல்களில் சிவப்பும் நிறமற்றதும் மிஞ்சின. அவை ஆற்றினுடையவை. அத்தியாயம் பாதியானது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அவனிடம் நான் நன்றி சொல்லவில்லை.

லாரி மோதிய அன்று காலை அவன் தனியாகத்தான் ஆற்றுக்குப் போனான். பாட்டில்களை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவற்றை எடுத்தேன். மூன்றில் ஆற்று நீர். ஒன்று 'வெறும்'.

அதை முதலில் வடித்தேன். ஒரு வெள்ளை இழை. வேட்டியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அப்படியே மூடி வைத்துவிட்டால் அவன் கடைசி மாதிரி பிழைக்கும். யாருக்கும் தெரியாது.

இழையை இரண்டாக நறுக்கினேன். ஊசியைக் காய்ச்சி ஒரு பாதியைத் தொட்டேன்.

கருகியது.

மறு பாதி கண்ணாடித் தகட்டில் என்னிடம் இருக்கிறது.