அண்ணன் எடுத்த அந்த ஒரு படம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் தங்கை எழுதுவது. அவரைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

அண்ணன் பிறந்தது நாகலாபுரத்தில். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெடித்த கரிசல். பத்தாவதோடு படிப்பு நின்றது. கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து கல்யாணப் படம் எடுக்கக் கற்றார். தொண்ணூறுகளில் மழை பொய்த்தபோது, முகூர்த்தமில்லாத நாட்களில் புதூர்ப் பக்கம் பஸ் ஏறிவிடுவார். வற்றிய கிணறுகளையும், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளையும், தீவனமின்றிச் செத்த ஆடுகளையும் எடுத்தார். சென்னைப் பத்திரிகைகள் வெளியிட்டன.

பிறகு தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை செய்யும் பெண்களை எடுக்கத் தொடங்கினார். தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டதில் இரு கைகளும் வெந்துபோன ஓர் அம்மா, அந்தக் கைகளை விரித்துக் காட்டி நிற்கும் படம் ஒரு வார இதழின் அட்டையில் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வாரமே அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, கையை மட்டும் எடுத்திருக்கக் கூடாதா? மூஞ்சியையும் போட்டுட்டீங்களே. ஆபீஸ்ல இனி வராதேன்னுட்டாவ. வேற எங்கன போனாலும், படத்துல வந்த பொம்பளதானன்னு கதவை அடைக்காவ. நா என்ன செய்ய?”

அவருக்கு வேலை கேட்டு அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஓரிடத்திலும் உள்ளே விடவில்லை. அதைச் சொல்ல அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ பிழைக்கப் போய்விட்டாராம்.

அதன்பின் கல்யாண வீடுகளில் தவிர அண்ணன் யார் முகத்தையும் எடுக்கவில்லை. கைகளையும் முதுகுகளையும் எடுத்து அனுப்பினார். முகமில்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ஆனாலும் வருஷக்கணக்காகக் கேமராவோடு அலைந்தார். திருப்பூர் வரை போய் அந்த அம்மாவை விசாரித்தார். கிடைக்கவில்லை.

சிறுநீரகங்கள் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், ஒரு மத்தியானம் என்னைக் கேட்டார்.

“ஏட்டி, நா எடுத்த படத்தால எந்த ஊருக்காவது ஒரு குடம் தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சுண்ணே.”

“எந்த ஊருக்கு?”

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி உடனிருந்த பெரியப்பா மக்களுக்கும், ரத்தம் கொடுத்த ஸ்டுடியோ நண்பர்களுக்கும், கூலியை விட்டுவிட்டுப் புதூரிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்களோடு அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த அட்டைப் படத்தை இம்மலரில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கவில்லை, அந்த அம்மாவின் பெயரையும் எழுதவில்லை. அவரை அறிந்தவர் யாரேனும் இதைப் படித்தால், அண்ணன் கடைசிவரை தேடினார் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாயில்லை.