வயிறு தள்ளிய சுவர்

இணையத்தில் அவளுக்கு மூலை அக்கா என்று பேர். எந்த லென்ஸ் கையில் கிடைத்தாலும் படத்தின் நடுவை விட்டுவிட்டு நாலு மூலைகளைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பாள். பிழைப்புக்கு ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற வேலை. கண்ணைச் சிமிட்டாதீங்க, மோவாயை இறக்குங்க என்று வாரம் முழுக்கச் சொல்லி அலுத்த வாய், ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னறையில் கேமரா ரிவ்யூ பேச உட்கார்ந்தால் புதுசாகிவிடும்.

முன்னறைச் சுவரில் செய்தித்தாள்களை வரிசையாக ஒட்டியிருந்தாள். ஸ்டாண்டை டேப் வைத்து அளந்து நிறுத்தி, எல்லா லென்ஸையும் அந்தத் தாள்களின் மேல்தான் சோதிப்பாள். கம்பெனிகள் அனுப்பும் பரிசுப் பெட்டிகளைப் பிரிக்காமலே திருப்பிவிடுவாள். கடைகளில் இரவல் வாங்கி, சோதித்து, துடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மூன்று வருஷத்தில் முப்பத்தேழு லென்ஸ். அதில் முக்கால்வாசிக்கு அவள் கண்ட குறை ஒன்றுதான்: மூலை மங்கல்.

இரவல் கொடுத்தவர்களில் ஒரு கடைக்காரர் தங்கமான மனுஷர். அவர் கொடுத்த லென்ஸைத்தான் அவள் எல்லாவற்றையும்விடக் கிழித்திருந்தாள். “படத்துக்கு மூலைன்னு ஒண்ணு இருக்கறதையே இந்தக் கம்பெனிக்காரங்க மறந்துட்டாங்க.” அந்த ரிவ்யூவைப் பார்த்த ஆறு பேர் வாங்கின லென்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் கடையில் வைத்தார்கள். அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொத்தனார் வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் அந்தச் சுவரில் அலமாரி அடிக்க வந்தான். மட்டப்பலகையைச் சுவரில் சாத்தியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, உன் சுவருக்கு எத்தனை மாசம்?”

“என்னடா உளர்ற?”

“வயிறு தள்ளியிருக்கு. பூசினவன் மண்டையில நாலு போடணும். பாரு, பலகையை இந்தப் பக்கம் அழுத்தினா அந்தப் பக்கம் தூக்குது.”

செய்தித்தாளின் மூலைக்கு மூலை பலகையைச் சாத்தச் சொல்லி, ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். போனது. நாலு மூலையிலும் போனது. அவள் முகம் செத்துவிட்டது. நடுவைக் குறிவைத்து லென்ஸைக் கூர்மையாக்கினால், பின்னால் ஒதுங்கி நிற்கிற மூலைகள் மங்காமல் என்ன செய்யும்? மூன்று வருஷமாக லென்ஸ்கள் வாங்கிய திட்டெல்லாம் இந்தச் சுவர் வாங்கியிருக்க வேண்டியது.

“இதுக்கு ஏன் இடிஞ்சு போயி உக்காந்திருக்க? மேல ஒரு பூச்சு பூசிடறேன். எவனுக்கும் தெரியாது.”

“லென்ஸைத் திருப்பிக் குடுத்தாங்களே ஆறு பேர், அவங்களுக்கு யாருடா சொல்றது?”

“சொன்னா அப்புறம் உன்னை எவன் நம்புவான்? கோணல் அக்கான்னு பேரை மாத்திடுவானுங்க.”

“மாத்தட்டும். நீ பலகையைப் பிடி, வீடியோ எடுக்கறேன்.”

“ஐயோ இரு, சட்டையாவது மாத்திக்கறேன்!”

வீடியோவைப் பார்த்தவர்கள் தம்பி சொன்ன பேரையே வைத்துக் கலாய்த்தார்கள். பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அவள் பழைய ரிவ்யூ ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் தேதி போட்டு எழுதினாள்: “இந்தச் சோதனை தப்பு. கோளாறு என் சுவரில்.” ஸ்டூடியோவில் சும்மா கிடந்த தடிமனான கண்ணாடிப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து, தாள்களை அதில் ஒட்டி, முப்பத்தேழு லென்ஸையும் மறுபடி ஒவ்வொன்றாக இரவல் கேட்டு அலைந்தாள். ஸ்டூடியோ வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் நாலு மாதம் அதிலேயே போயிற்று.

கடைசி லென்ஸைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு வந்தார்.

“அப்ப என் லென்ஸ் நல்ல லென்ஸ்தானேம்மா?”

“இன்னும் எடுத்துப் பாக்கலையேண்ணே.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? குத்தம் சுவர் மேலன்னு நீயே ஊருக்கெல்லாம் சொல்லிட்டியே.”

அது நன்றாக இருந்துவிட வேண்டும் என்று அவளுக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இவருக்குச் செய்த அநியாயத்துக்கு ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும். படத்தைப் பெரிதாக்கினாள். மூன்று மூலைகளில் பொடி எழுத்துகூடப் படிக்க வந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் எழுத்து ஈரத்தில் ஊறியதுபோல் இருந்தது. கேமராவைத் தலைகீழாக மாட்டி எடுத்தாள். மங்கல் தாளோடு நிற்கவில்லை, லென்ஸோடு சேர்ந்து சுற்றி வந்தது. அவர் பையில் அதே ரகத்தில் இருந்த இன்னொரு லென்ஸும் அப்படியேதான்.

“அண்ணே, அன்னிக்கு நான் சொன்னதுல முக்கால்வாசி அபாண்டம். மூணு மூலைக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதறேன். ஆனா இந்த ஒரு மூலை... இது சுவர் இல்ல. லென்ஸ்தான்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஒத்த மூலைதானேம்மா. கண்டுக்காம விட்டா ஆகாதா?”

“இதை விட்டுட்டா, மத்த முப்பத்தாறையும் யாரு முகம் பாத்துத் திருத்தினேன்னு கேப்பாங்கண்ணே. கேட்டா தப்பில்லையே.”

அவர் ரெண்டு லென்ஸையும் டப்பாவில் போட்டு மூடினார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

“ஷோகேஸ்ல முன்வரிசையில இதைத்தான் வெச்சிருந்தேன். எடுத்துடறேன். அந்த இடத்துல எதை வெக்கட்டும்? நீயே சொல்லு.”