சக்கரம் கழற்றிய ஜெட்

செய்தி வந்தபோது அலுவலகப் பேருந்தில் இருந்தேன். வெளியே முட்டுக்காடு. ஜமுனா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. இவ்வளவுதான் தகவல்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்திக்கு மேலே அவர் கடைசியாக அனுப்பிய படம் இருந்தது. புத்தம் புதிய ரிமோட் ஜெட் விமானம், மூக்கு கத்தியால் அறுக்கப்பட்டு. கீழே ஒரு வரி: ‘வெட்டிட்டேன். இப்ப திட்டுங்க.’

நாம் எல்லோரும் திட்டியிருந்தோம்.

ஞாயிறு காலைகளில் செய்யூர் பக்கத்து ஏரியில், தண்ணீர் வற்றிய மாதங்களில், ரிமோட் விமானம் விடுகிற நம் சிறு கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். ஜமுனாவை உங்களுக்குத் தெரியும். அவர் கணவர் முருகேசனைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஜமுனா முதலில் அலுவலகத்து எதிரி. மென்பொருள் எழுதுவது என் வேலை. அதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை. ‘ஓடுதே’ என்பேன். ‘ஓடுதுன்னு சொல்லாதப்பா. எப்ப ஓடாதுன்னு சொல்லு’ என்பார். ஒருநாள் எரிச்சலில், ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இதுதான் வேலையா என்று கேட்டேன்.

‘ஆமா. பிளேன் கீது வூட்ல. வந்து பாரு.’

போனேன். அப்படித்தான் உங்கள் எல்லோரையும் அறிந்தேன்.

அந்த ஜெட் ஒரு கிட், பாகங்களை நாமே பூட்டிக்கொள்வது. பெட்டியில் நுரை உடல், இறக்கைகள், வயிற்றுக்குள் பொருத்த ஒரு மின்விசிறி. விசிறி முன்னாலிருந்து காற்றை உறிஞ்சிப் பின்னால் துப்பும், விமானம் பாயும். தார் ஓடுதளத்தில் சக்கரங்களால் ஓடிக் கிளம்ப வேண்டும் என்றது கூட வந்த விளக்கத்தாள். நம் ஏரியில் தார் ஏது. அதே கிட்டில் செய்த என் விமானம் நினைவிருக்கும்: முன்சக்கரம் மண் வெடிப்பில் சிக்கி, குப்புற விழுந்து, விசிறி மண்ணைத் தின்று இதழ் உடைந்தது. நீங்கள் சிரித்தீர்கள். ஜமுனா சிரிக்கவில்லை. உடைந்த இதழை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

‘கிட்டு செஞ்சவனுக்கு ரோடு கீது. நமக்கு ஏரிதான் கீது. நாம யாருக்குப்பா செய்யறோம்?’

தன் ஜெட்டின் சக்கரங்களைக் கழற்றினார். சக்கரம் இல்லையென்றால் விமானம் வயிற்றால் இறங்க வேண்டும். வயிற்றில்தான் விசிறி காற்று இழுக்கும் துளைகள். அவை மண்ணை அள்ளும். அடைத்தார். முதுகில் புதிதாகத் துளை போட்டார். முன்சக்கரம் போனதும் மூக்கின் எடை குறைந்து வால் தாழ்ந்தது. ஈயம் வைத்துச் சரிசெய்யலாம் என்றேன். ‘பறக்கறதுக்கு எதுக்கு சும்மா சுமை’ என்று பாட்டரியை முன்னே தள்ள மூக்கை அறுத்தார். ஒரு திருத்தம் அடுத்ததைக் கேட்டது. அவர் எதற்கும் மறுக்கவில்லை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. செய்தவர் முதல் முறை ஓட்டக் கூடாது. ‘பாசம் வந்தா கை லேட்டாவும்’ என்பார். ஆகவே ரிமோட் என்னிடம். சக்கரம் இல்லாத விமானத்தைக் கையால் எறிய வேண்டும். எறிவது அவர். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அணுபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முருகேசன் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஜமுனாவின் படத்துக்குப் பக்கத்தில் ஜெட் இருந்தது. மூக்கில் சந்தனம். இறக்கையின் மேல் மாலை.

பறக்க விடலாமா என்று கேட்டேன்.

‘அவ கையால செஞ்சது சார். ஒடைஞ்சா திரும்ப வருமா?’

வராது. அதைச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்: முதுகுத் துளை போதுமா, மூக்கு வெட்டியது சரியா, இன்னும் யாருக்கும் தெரியாது.

‘அவளுக்குமா தெரியாது?’

‘தெரியாது.’

முருகேசன் எழுந்து மாலையை எடுத்தார்.

‘யாரு எறியறது?’

‘நீங்கள்தான் அண்ணா.’

‘இன்னா சார், தமாஷா? நான் டயர தவிர எதையும் தூக்கினதில்ல.’

எளிது என்றேன். வயிற்றுக்குக் கீழே பிடிக்க வேண்டும். ஓட வேண்டும். மேலே அல்ல, நேராகத் தள்ள வேண்டும்.

உங்களை அழைக்கவில்லை. மன்னியுங்கள். அவர் வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாம் என்றார்.

வற்றிய ஏரியில், ரிமோட்டில் முழு வேகம் கொடுத்தேன். விசிறி கூவியது. முருகேசன் ஓடினார். விடவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார், அலறும் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி, ஏரியின் பாதி தூரம். விசிறியை அணைத்தேன். திரும்பி நடந்து வந்தார்.

‘கைய வுட்டு போவப் பாக்குதுப்பா’ என்றார். முதல் முறையாக ‘சார்’ இல்லை.

‘அதற்குத்தான் செய்தது.’

‘தெரியுது. இரு.’

வேட்டியை இறுக்கிக்கொண்டார். இந்த முறை விட்டார். விமானம் தரையை நோக்கித் தாழ்ந்தது. மூக்கைத் தூக்கக் கை துடித்தது. தூக்கவில்லை. வேகம் சேரட்டும். சேர்ந்தது. சவுக்குத் தோப்புக்கு மேலே போனது. திரும்பியது. முருகேசன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வயிற்றால் இறக்கினேன். உரசி, தூசி கிளப்பி, நின்றது. அவர்தான் முதலில் ஓடினார். அடிவயிறு கிழிந்திருந்தது. அதைப் பார்க்கவே இல்லை. முதுகுத் துளைக்குள் விரலை விட்டுத் தடவினார்.

‘மண்ணு இல்ல’ என்றார். ‘மண்ணே இல்லப்பா.’ அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். மேலே ஏறும்போது விசிறிக்கு மூச்சு வாங்குகிறது. துளை போதவில்லை.

‘யோவ், இப்பதான பறந்துச்சு. அதுக்குள்ள கொறையா?’

‘ஆமாம் அண்ணா.’

முறைத்தார். பிறகு விமானத்தை மடியில் திருப்பி வைத்து, ‘எந்தப் பக்கம் பெருசாக்கணும்? கோடு போடு’ என்றார்.

ஜமுனாவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஜெட் அணுபுரத்தில் இருக்கிறது. மாலை இல்லாமல், வயிற்றில் ஒட்டுடன். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய திருப்தியின்மையை. எனக்குப் பிரியமானதையும் அறுத்துப் பார்க்கும் துணிவு இன்னும் முழுதாக வரவில்லை. வரும்வரை அந்தத் திருப்தியின்மையை விடப்போவதில்லை.