என் பேரன் எழுதாத மூணு பரீட்சை

இன்னிக்குக் காலையில கடைக்கு சாமுவேல் சார் வந்திருந்தார்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கல்பாக்கம் அணு ப்ளாண்ட்டுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அந்தக் காலத்துல தினமும் நம்ம இட்லிக்கடையிலதான் நாஸ்தா.

(புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்புல இருக்கிற கடைதான். இப்போ மருமக நடத்துது. நான் ஓரமா உக்காந்து சட்னியில உப்பு பத்தலைன்னு சொல்லிகினு இருக்கேன்.)

நாலு இட்லி வெச்சேன். சாப்பிட்டுகினே கேட்டார், பிசிக்ஸ் படிச்ச பேரன் இப்போ இன்னா பண்றான்னு.

சரவணனைத்தான் கேட்டார். என் பொண்ணு வயித்துப் பேரன். அப்பா அம்மா கோவளத்துல இருந்தாங்க. இவன் எங்கூடவே வளர்ந்து, செங்கல்பட்டுக்கு பஸ்ல போயி பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சான். தொண்ணூத்தெட்டுல சேர்ந்து ரெண்டாயிரத்து ஒண்ணுல முடிச்சான்.

நான் அஞ்சாங்கிளாஸு. எங்க வம்சத்துலயே மொத டிகிரி அவன்தான்.

அணுவைப் பத்தின படிப்புதான் பிசிக்ஸுன்னு யாரோ சொன்னாங்க. அவ்ளோதான், அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இவனுக்கு ப்ளாண்ட்டுலதான் வேலைன்னு. வேற எங்க அணு கீது, நம்ம ஊரை வுட்டா?

கடை எதிர்லதான் ப்ளாண்ட்டு பஸ்ஸு நிக்கும். ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அடுத்த வருசம் எம் பேரனும் இதுலதான் ஏறப் போறான்னு. டவுன் பஸ் கண்டக்டருக்குக்கூட தெரியும்.

அவன் கடைசி வருசம் படிக்கும்போது மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி காலேஜுக்கே வந்து ஆள் எடுத்துச்சு. பிசிக்ஸு, கணக்கு படிச்ச புள்ளைங்களுக்கு வேலையும் குடுத்து, மேல்படிப்பும் அவங்களே படிக்க வெப்பாங்களாம். அந்த கிளாஸ்ல மூணு பேர எடுத்தாங்க. இவன் ஒருத்தன்.

லெட்டரைக் கையில வெச்சுகினு அடுப்புகிட்ட வந்து நின்னான்.

"ஆயா, போவட்டுமா?"

நான் இட்லித் தட்டுல இருந்து கண்ணை எடுக்கல.

"ஊரே கேட்டுகினு கீது, ப்ளாண்ட்டுல எப்போ சேர்றான்னு. நீ மெட்ராசுக்குப் பொட்டி தட்டப் போறேன்னா நான் இன்னான்னுடா சொல்றது?"

அவன் லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுகினு, எச்சத் தட்டெல்லாம் எடுத்துப் போயி கழுவினான். போவலன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டதை அப்புறமாத்தான் எம் பொண்ணு சொன்னா.

அதுக்கப்புறம் மூணு வருசம் ப்ளாண்ட்டு பரீட்சை. ஒவ்வொரு தடவையும் கற்பூரம் சுத்தி, புளிசாதம் கட்டிக் குடுத்து அனுப்புவேன். சாயங்காலம் வருவான். எப்படிடா எழுதினேன்னு கேட்டா, "பரவால்ல ஆயா"ம்பான்.

மூணாவது வருசத்தோட வயசு தாண்டிருச்சுன்னு சொல்லிட்டான்.

(ப்ளாண்ட்டு மேல எனக்கு வந்த கோவத்துல, அங்கிருந்து டிபனுக்கு வர்றவங்களுக்கு ரெண்டாவது தடவ சட்னி ஊத்த மாட்டேன். சாமுவேல் சாருக்கும்தான். பாவம், இன்னாத்துக்குன்னு தெரியாமலே சாப்பிட்டாரு.)

அப்புறம்தான் அவன் பி.எட். படிச்சான். கூடப் படிச்ச ஒரு புள்ள டிகிரி முடிச்ச கையோட பி.எட். முடிச்சு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டா. சீனியாரிட்டியில கவர்மென்ட் ஸ்கூல் வேலை வந்துருச்சு. இவன் மூணு வருசம் லேட்டு. இவன் முறை வரவே இல்ல. கூடப் படிச்ச இன்னொருத்தன் ஓ.எம்.ஆர். பக்கம் கால் சென்டர்ல சேர்ந்து இப்போ மேனேஜர். அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்காங்க.

எம் பேரன் திருக்கழுக்குன்றத்துல ஒரு தனியார் ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியாரு. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அதே ஸ்கூல்தான்.

இதெல்லாம் சொல்லி, "உங்க பரீட்சையை மூணு வாட்டி எழுதியும் கிடைக்கலையே சார்"னு ஆத்தாமையில சொல்லிட்டேன்.

அவர் கை இட்லியிலேயே நின்னுடுச்சு.

"அவன் எழுதவே இல்லையேம்மா. உனக்கு இன்னுமா தெரியாது?"

டிகிரியில அறுபது பர்சன்ட் இருந்தாத்தான் அப்ளிகேஷனே போட முடியுமாம். இவனுக்கு அம்பத்தெட்டு. பரீட்சைன்னு நான் அனுப்பின ஒரு நாள்ல, மாமல்லபுரம் லைட் ஹவுஸ்கிட்ட இவன் தனியா உக்காந்திருந்ததை சார் பார்த்திருக்கார். புளிசாதத்துல பாதி அவருக்கும் குடுத்தானாம். எல்லாத்தையும் சொல்லிட்டு, ஆயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுகிட்டானாம்.

இருபது வருசத்துக்கு மேல அந்த மனுசன் வாயே தொறக்கல.

அவர் போனப்புறம் ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. நான் ஆசைப்பட்டது அவனோட வேலைக்கு இல்ல. அவன் அந்த பஸ்ல ஏறுறதை ஊரு பார்க்கணும், அதுக்கு.

ஸ்கூல் இன்டர்வெல் நேரம் பார்த்து பேரனுக்குப் போன் பண்ணேன்.

"நைனா, சாமுவேல் சார் வந்திருந்தாரு."



"சொல்லிட்டாரா?"

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அந்த ஆபீசருங்க ஒவ்வொருத்தர்கிட்டயா போயி கெஞ்சியிருப்ப ஆயா."

அவன் சொன்னது நெசம்தான். போயிருப்பேன். கால்லகூட வுழுந்திருப்பேன்.

அப்புறம், அவன் டிகிரி முடிச்ச அன்னிக்கே கேட்டிருக்க வேண்டியதை இன்னிக்குத்தான் கேட்டேன்.

"நீ இன்னாடா ஆவணும்னு நெனச்ச?"

அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. கிளாஸ் கீது ஆயான்னு சொல்லி வெச்சுட்டான். சாயங்காலம் மறுபடியும் கேட்டேன். "இப்போ எதுக்கு அதெல்லாம்"னு சிரிச்சான்.

செங்கல்பட்டுல அவனோட பிசிக்ஸ் படிச்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, பஸ்ல வரும்போதோ கேன்டீன்லயோ, எம் பேரன் இன்னா ஆவணும்னு உங்ககிட்ட சொல்லிகினு இருந்தான்?

ஞாபகம் இருந்தா கீழ எழுதுங்க கண்ணு. எனக்குத் தெரியல.