பார்சலுக்கு அப்பா வரணுமாம்

ஹார்மோன் எடுத்ததுல என் குரல் கட்டைக்குரல் ஆயிடுச்சு. ஆணும் இல்ல, பெண்ணும் இல்லன்னு வாழுற எனக்கு அதுவும் ஒட்டல. அதனால ஆறு மாசமா தினம் காலையில தண்ணிக்குள்ள ஸ்ட்ரா விட்டு ஊதி ஊதி, குரலை நடுவுல நிறுத்தப் பழகுறேன்.

இன்னிக்கு அந்தமான்ல எங்க ஊர் மாயாபந்தர் பார்சல் ஆபீஸ்ல இருந்து போன். மெயின்லேண்ட் சாமான் கப்பல்ல வந்துடுச்சாம்.

பழகின குரல்லயே, "சொல்லுங்க பாய் சாப்"னேன்.

"பேட்டா, அப்பாகிட்ட போனைக் குடு."

பேட்டாவாம், மகனாம்! எனக்கு முப்பத்திரண்டு வயசு!

"என் பேர்லதான் பார்சல் வந்திருக்கு."

"சரி பேட்டா, வீட்டுல பெரியவங்க இருந்தா குடு. சின்னப் பசங்களை நம்பி சாமான் தர முடியாது."

மூணு தடவை சொல்லிப் பார்த்தேன், கேக்கல. கடுப்புல பழைய கட்டைக்குரலை இறக்கி, "ஹலோ"ன்னேன்.

"ஹாங் சார்! அஞ்சு மணிக்குள்ள கப்பல்துறை ஜெட்டிக்கு வந்துடுங்க சார். உங்க பையன் ரொம்ப மரியாதையா பேசுறான் சார்."

வீட்டுல இருக்கிறதே நான் ஒரு ஆள். இப்போ ஜெட்டிக்கு அப்பாவை அனுப்பவா, பையனை அனுப்பவா? நாலரைக்குள்ள சொல்லுங்க.