தீபாவளி இல்லாத காலண்டர்

குழம்பில் உப்புக் கூடினால் அந்த வேளையோடு போயிற்று. ரவிக்கையில் தையல் கோணினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். காலண்டரில் ஒரு தப்பு விட்டால் அதற்கென்று ஆணி அடித்து, நடுவீட்டில் மாட்டி, வருஷம் முழுக்கத் தினமும் காலையில் அதன் முகத்தில்தான் விழிப்பார்கள். நான் செய்கிற வேலை அப்படிப்பட்டது.

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் பக்கம் அமைக்கிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து, தேதிக் கட்டங்களில் நட்சத்திரம், திதி, முகூர்த்தம், விரதம், பண்டிகை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பிறகு தாளில் அச்செடுத்துச் சரிபார்த்து, ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் பிளேட் எடுப்பார்கள். பிளேட் வந்தால்தான் மெஷின் ஓடும். வாட்ஸ்அப்பில் உலகமே நடக்கிற காலத்திலும் எங்கள் முதலாளிக்குப் பேனாவால் போட்ட ஓகேதான் ஓகே. மற்ற வேலையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஓகே மட்டும் கையை விட்டு இறங்காது.

சரிபார்த்துவிடுவேன். பேனாவை எடுப்பேன். அப்போதுதான் ஒரு கேள்வி முளைக்கும். இந்த மாதத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொன்றா? விரல் முட்டியை மடக்கி எண்ணுவேன். என் முட்டிமேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, கம்ப்யூட்டரில் பார்ப்பேன். அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் பேனாவை எடுத்ததும் மறந்துவிடும். மெஷின்காரர் கதவருகே வந்து நிற்பார்.

“யக்கா, ஓகே வருமா, இல்ல நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரட்டா?”

“குடிச்சிட்டு வாங்க” என்பேன். மனிதர் என்னால் குடித்த டீயில் ஆனைக்குட்டம் அணையையே நிரப்பலாம்.

இந்தப் பயத்தை நான் வீட்டுக்கும் கொண்டுபோனேன். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாங்க என்று சொல்கிறவர்களைத் தாண்டி நேரே சுவருக்குப் போய்க் காலண்டரைப் புரட்டுவேன். எங்கள் கம்பெனிக் காலண்டராக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் வீட்டில் காலண்டரே மாட்டக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர், “ஊருக்கெல்லாம் தேதி குடுக்கிறவ வீட்டுல, தேதி கேக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். சிரிக்கிறவருக்கு என்ன, அவர் ஓட்டுவது லோடு வண்டி. அவர் தப்பு விட்டால் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் கம்பெனிக்குப் பக்கம் அமைக்க இன்னொரு பெண் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். காரியாபட்டியில் பிறந்து திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டு வந்தவர். மதுரைப் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டு என்று முதலாளி சொன்னார். காரியாபட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். நிமிர்ந்து உட்காருவார். தடதடவென்று தட்டச்சு அடிப்பார். அவர் தட்டுகிற சத்தம் கேட்டாலே என் திறமை பாதியாகக் குறையும்.

இது போதாதென்று முதலாளி மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போய் வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார்; வரும்போது கையில் ஒரு வெள்ளைப் பலகையோடு வந்தார். அதை எங்கள் அறையில் மாட்டி, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் என் பெயரையும் மறுபக்கம் அக்கா பெயரையும் எழுதினார்.

“போட்டி இருந்தாத்தான் தொழில் வளரும்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தர் சொன்னாருத்தா. கோட்டு சூட்டெல்லாம் போட்டிருந்தாரு. இனிமே நீ ஓகே போட்டத அவ பாப்பா, அவ போட்டத நீ பாப்ப. தப்பு இருந்தா தப்பு விட்டவுக பேருக்குக் கீழ ஒரு பொட்டு. சீசன் முடியயில யாருக்குப் பொட்டுக் கூடவோ, அவுக பைண்டிங்குக்குப் போயிரணும்.”

பொட்டு என்றால் உண்மையிலேயே பொட்டுதான். அவர் வீட்டம்மா வைக்கிற சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். பைண்டிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே காலண்டர் தலையில் தகரம் அடிக்கிற மெஷின் இருக்கிறது. மாதத்தை எண்ணவே முட்டி தடுமாறுகிற எனக்கு அந்த மெஷினிடம் விரல் தங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தன் முதுகு தனக்குத் தெரியாது; அடுத்தவர் முதுகு நன்றாகத் தெரியும். என் பக்கத்தில் கண்ணில் படாத தப்பெல்லாம் அக்கா பக்கத்தில் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டன. கார்த்திகை தீபத்தை அவர் வேறு நாளில் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். முதலாளி வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்து, அவர் வந்ததும் மெதுவாக, வருத்தப்படுகிற மாதிரி, “அண்ணாச்சி, இதச் சொல்லவா வேண்டாமான்னு இருந்தேன்” என்றேன். அக்கா மட்டும் லேசுப்பட்டவரா? மறுநாளே நான் ஒரே கட்டத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் சேர்த்து வைத்திருந்ததைத் தாளோடு தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கே போனார். “நெலா பாவம், என்ன செய்யும் அண்ணாச்சி” என்று அவர் சொன்னது எங்கள் அறைவரை கேட்டது.

பலகை இரண்டு பக்கமும் சிவந்தது. முன்பு தப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது அந்தத் தப்பை அவர் பார்த்துவிடுவாரோ என்றும் சேர்த்துப் பயந்தேன். திரையை அட்டை வைத்து மறைத்து வேலை செய்தோம். ஓகே போட முன்னைவிடத் தாமதமானது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் அறை ரெண்டுபட்டதில் டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊரில் புது வருஷக் காலண்டரின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதோடு ஆர்டர் குவியத் தொடங்கும். அந்த வருஷம் ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனி, தன் வியாபாரிகளுக்கெல்லாம் கொடுப்பதற்குக் காலண்டர் கேட்டது. முதல் பாதி வருஷத்தை அக்காவுக்கும் பின்பாதியை எனக்கும் முதலாளி பிரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் முடித்துவிட்டோம். இரண்டு பேரும் ஓகே போடவில்லை. மெஷின் சும்மா நின்றது. அன்று மத்தியானம் முதலாளி வந்து பலகைக்கு முன்னால் நின்றார்.

“சாயங்காலத்துக்குள்ள யாரு ஓகே வரலையோ அவுக நாளைக்கே பைண்டிங். பொட்டெல்லாம் எண்ண மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாள்களைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து, பின்னால் இருக்கிற பேப்பர் குடோனுக்குப் போனேன். காகிதக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அந்த நேரத்தில் ஆள் வராது. கட்டுகளுக்கு நடுவில் நுழைந்தால், உள்ளே யாரோ முனகுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். காரியாபட்டியக்கா ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, விரல் முட்டியை மடக்கி, “ஜனவரி முப்பத்தொண்ணு, பிப்ரவரி…” என்று எண்ணிக்கொண்டிருந்தார். புறங்கையில் பேனாவால் இரண்டு வட்டம் வரைந்து, கறுப்புக்கு நேரே ‘அ’ என்றும் வெள்ளைக்கு நேரே ‘பௌ’ என்றும் எழுதியிருந்தார்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“இங்கன என்னக்கா பண்ணுறீக?”

“காத்து வாங்குறேன்.”

அந்த குடோனில் ஜன்னலே கிடையாது.

“நீ எதுக்கு வந்த?” என்றார்.

“நானும் காத்துக்குத்தான்.”

இரண்டு பேர் கையிலும் சுருட்டிய தாள். ஒருவர் தாளை ஒருவர் பார்த்தோம். பிறகு அக்கா நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“எனக்கு ஓகே போடத் தெரியலத்தா” என்றார். “பழைய கம்பெனியிலயும் இதே சீக்குதான். அதனாலதான் அங்கிருந்து வந்தேன். நீ பட்டுன்னு போடுவன்னு நெனச்சு எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு.”

நான் பட்டென்று போடுகிறேனாம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல. அத்தனை நாளாக அந்த நிமிர்ந்த முதுகைப் பார்த்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயும் என்னைப் பார்த்து அரண்டுபோய் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“ஒண்ணு சொல்லட்டாக்கா? இந்த ஊருலயே என் பக்கத்த உங்க அளவுக்கு உத்துப் பாக்குறவுக யாரும் இல்ல. என் புருசன்கூட என் மூஞ்சிய அம்புட்டுப் பாத்ததில்ல.”

“நீ மட்டும் என்ன. நான் வச்ச புள்ளியெல்லாம் எண்ணிருப்ப.”

“அப்ப ஓகே போடுறதுக்கு முன்னாலயே பாப்பமா? பொட்டுக்கு இல்ல. சும்மா.”

முதலில் அவர் தாளை எடுத்தோம். நான் பஞ்சாங்கத்தை வாய்விட்டு வாசிக்க, அவர் தாளில் விரல் வைத்து ‘ம்’ கொட்டினார். ஒரு முகூர்த்த நாள் விடுபட்டிருந்தது. முன்பென்றால் அந்த முகூர்த்தத்துக்கு நானே மேளம் வைத்திருப்பேன். அன்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

பிறகு என் தாள். அவர் வாசிக்க நான் ‘ம்’ கொட்டினேன். ஆயுத பூஜை. ம். விஜயதசமி. ம். ஐப்பசி பிறப்பு. ம். தீபாவளி. ம். அக்கா வாசிப்பதை நிறுத்தினார்.

“தீபாவளி எங்கன இருக்கு, காட்டு.”

விரலை வைத்தேன். விரலுக்கு அடியில் கறுப்பு எழுத்தில் தேதி இருந்தது, திதி இருந்தது, நட்சத்திரம் இருந்தது. தீபாவளி இல்லை. பட்டாசுக்காரர் என்பதால் தீபாவளியை மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில், விளக்குப் படத்தோடு போடச் சொல்லியிருந்தார்கள். படம் வந்ததும் சேர்த்து வைக்கலாம் என்று இருந்த எழுத்தை எடுத்தவள், திரும்ப வைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்! சித்திரையிலிருந்து தீபாவளி ஆர்டர், தீபாவளி லோடு, தீபாவளி ரேட் என்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கிற ஊர் இது. அது தாளில் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை; இல்லாமலா போகும் என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

இந்தத் தாளோடு அக்கா முதலாளியிடம் நடந்தால் போதும். ஒரு பொட்டு என்ன, முதலாளி அந்தப் பொட்டு அட்டை முழுவதையும் என் பெயருக்குக் கீழே ஒட்டுவார். அக்கா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சிவகாசியில உக்காந்துக்கிட்டு, பட்டாசுக்காரனுக்கு, தீபாவளி இல்லாத காலண்டர்” என்றார். சிரித்துச் சிரித்து, காகிதக் கட்டிலிருந்து சரிந்து கீழேயே உட்கார்ந்துவிட்டார். “போத்தா, போயி வச்சிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்.”

வைத்துவிட்டு வந்தேன். திரும்ப வாசித்தோம். என் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன், பக்கத்திலேயே அவரும் போட்டார். அவர் தாளிலும் அப்படியே. முதலாளி வாங்கிப் பார்த்து, “ஒரு தாளுக்கு எதுக்குத்தா ரெண்டு கையெழுத்து? கல்யாணப் பத்திரமா?” என்று கேட்டார். அந்த வாரம் பலகையில் பொட்டே ஏறவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தானே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேடினார். தலைவலி மாத்திரை வாங்கி வரச் சொன்னதுதான் மிச்சம். சீசன் முடியும்போதும் பொட்டு இரண்டு பக்கமும் சமமாகவே நின்றது; பைண்டிங் பேச்சே எழவில்லை.

சேர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு தப்பே வரவில்லை என்று சொன்னால் அது புளுகு. தை மாதத்தில் ஒரு மத்தியானம் முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டபடி எங்கள் அறைக்குள் வந்தார். விருதுநகர் பலசரக்கு வியாபாரி ஒருவர். அவருக்கு நாங்கள் அடித்த காலண்டரில் பிரதோஷம் ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது.

“என் வீட்டுக்காரி விரதமிருந்து கோயிலுக்குப் போனா, நேத்தே முடிஞ்சிருச்சுங்காக. அந்தக் கோவத்துல இன்னிக்கும் அடுப்புப் பத்த வைக்கல. விரதம் அவளுக்கு, பட்டினி எனக்கா?” என்று போன் கேட்டது.

முதலாளி ஒரு வழியாகச் சமாதானம் சொல்லி வைத்தார். சட்டைப் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றை உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு திரும்பினார்.

“யாரு போட்ட பக்கம் இது?”

அது என் பக்கம்.

“என்னுது அண்ணாச்சி” என்றேன்.

“என்னுது அண்ணாச்சி” என்றார் அக்கா, அதே நேரத்தில். “இவ அடிச்சா. பாத்தவ நான்ல.”

முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தப்பை என் தலையில் போடாதே என்று கத்துகிறவர்களை அவர் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார். என் தலையில் போடு என்று இரண்டு பேர் அடம்பிடித்தால் என்ன செய்வது என்று அந்தக் கோட்டுக்காரர் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. விரலில் இருந்த பொட்டைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டினார். “வேலையப் பாருங்கத்தா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஜைமேல் அடுத்த தாள் இருந்தது. அக்கா வாசித்தார், நான் ‘ம்’ கொட்டினேன். முடிந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினார். மாதத்தை எண்ண விரல் முட்டி மடங்கத்தான் பார்த்தது. எண்ணாமலே ஓகே போட்டுவிட்டு, பேனாவை அவரிடம் கொடுத்தேன்.