நடனக்காரியின் வாயில் ஒரு ஜன்னல்

எங்கள் தெருவுக்குக் கலைத்தெரு என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். சுற்றுலா அலுவலகத்துக்காரர்கள் வந்து சுவருக்குச் சுவர் ஓவியம் தீட்டினார்கள். தெருமுனையில் மேடை போட்டு ஆட்டம் பாட்டம் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கழுத்தில் கேமராவோடு வந்து குவிந்தார்கள். ஊர் முன்னேறுகிறதாம். முன்னேறட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? எங்கள் அண்ணியின் வயிற்றில் அடித்துத்தான் முன்னேற வேண்டுமா?

அண்ணி தைப்பது வக்கீல் கவுன். கல்யாணமாகி வந்த புதிதில் சட்டை, பாவாடை என்று கிடைத்ததைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு வக்கீல் கிழிந்த கவுனைக் கொண்டுவந்து கொடுக்க, அதைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். இன்று கோர்ட்டில் பாதிப் பேரின் தோளில் இருப்பது அவர் வைத்த மடிப்புதான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். டியூப்லைட்டில் அது கண்ணுக்குப் பிடிபடாது, பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் தெருப்பக்க ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டிருக்கிறார். அண்ணன் ஆபீஸ் கிளம்பியதும் ஜன்னல் திறக்கும். கொசு வருமென்று அவர் திரும்புவதற்குள் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கும் லீவு. இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் மாடியில் கிடக்கும் எனக்கு இது தெரியும். கூடவே குடும்பம் நடத்தும் அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஓவியர்கள் வந்திருக்கிறார்கள்.

"இந்த ஜன்னல் சார்?"

"அதத் தெறக்கறதே இல்லப்பா. நீங்க பாட்டுக்கு வரைங்க."

அண்ணன் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அது திறந்திருந்து அவர் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதனால்தான். நான் தூங்கி எழுந்து வந்தபோது வாய் முடிந்து, கண்ணை வரைந்துகொண்டிருந்தார்கள்.

சுவர் முழுக்க ஒரு நடனக்காரியின் முகம். ஜன்னல் கதவு இரண்டும் சேர்ந்தால் அவள் சிரிப்பு. திறந்தால் சிரிப்பு இரண்டாகப் பிளந்து, நடுவில் அண்ணியும் மெஷினும்.

கூட்டத்தைக் கூட்டிவரும் வழிகாட்டி வந்து நின்றான். "மேடம், அஞ்சு மணி வரைக்கும் மூடியே வைங்க. போட்டோ கெட்டுப்போகுது."

"அஞ்சு மணிக்கு மேல நான் தைக்க, சூரியன நீங்க புடிச்சு வெப்பீங்களா?"

அண்ணன் யார் பக்கம் பேசினார் என்று சொல்லவும் வேண்டுமா? "ஊரே நம்ம வீட்டப் பாக்குது. கொஞ்ச நாளைக்கு லைட்டப் போட்டுத் தையேன்."

அண்ணி லைட்டைப் போட்டுத் தைத்தார். ஒரு கவுனில் கைப்பகுதியின் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. வக்கீல் அதை மேஜையில் போட்டு, "கண்ணு மங்கிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணி சாப்பிடவில்லை.

மறுநாள் வழிகாட்டி அந்தச் சிரிப்பைப் பற்றி அளந்துகொண்டிருக்கும்போதே அண்ணி இரண்டு கதவையும் படாரென்று தள்ளித் திறந்தார். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு கைதட்டியது! நிகழ்ச்சியில் அதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். வழிகாட்டிக்குச் சொல்லியா தர வேண்டும்? அடுத்த கூட்டத்திடம், "இப்பப் பாருங்க, இவ வாயத் தெறக்கப் போறா!" என்றான். எல்லாரும் ஜன்னல் கம்பியில் தலையை ஒட்டிக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "தள்ளிப் போங்கய்யா!" என்று அண்ணி கத்தினார். அதற்கும் கைதட்டினார்கள். வெறுத்துப்போய் ஜன்னலைச் சாத்தினார். அந்த உதட்டின்மேலேயே தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஆபீசுக்கு லீவு போட்டார். அண்ணிக்காக என்றுதான் நானும் நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வெளியே தட்டிய சத்தம் கேட்டதும் தன் கையாலேயே ஜன்னலைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறை. கம்பிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். சண்டை போடவென்று இறங்கி வந்த நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே, தைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க. வெளிச்சத்த மறைக்குது."

அண்ணன் உடனே கம்பி வழியாகக் கையை நீட்டி அதட்டினார்: "எல்லாரும் தள்ளி நில்லுங்க! உள்ள வேல நடக்குதில்ல?"

கூட்டம் மரியாதையாகத் தெருவின் எதிர்ப்பக்கம் வரை விலகிப் போனது. மெஷின்மேல் இருட்டு அப்படியே கிடந்தது.

"நான் அவங்களச் சொல்லலீங்க," என்றார் அண்ணி.